கேப் போட்ட பல்லைச் சுற்றி ஈறில் ரத்தம் வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் மருத்துவரிடம் வருகிறவர்கள் கேப்பைப் பற்றிச் சொல்லும் குறைகளில் வலிக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்பது இதுதான்: "கேப் போட்ட இடத்துல மட்டும் ரத்தம் வருது." சிலருக்குப் போட்ட வாரத்திலேயே, சிலருக்கு ஐந்தாறு வருடம் கழித்து. காரணம் ஒன்றல்ல. ஆனால் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை, சீக்கிரம் கவனித்தால் செலவும் குறைவு. பலமுறை பதில் சொன்ன கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேப் செயற்கைதானே? அதைச் சுற்றி ஏன் ரத்தம் வருகிறது?

கேப்பில் ரத்தம் வருவதில்லை, அதைச் சுற்றியிருக்கும் உங்கள் சொந்த ஈறில்தான் வருகிறது. பல்லைச் சுற்றிலும் ராவிச் சின்னதாக்கி, அதன் மேல் கேப்பை மாட்டி சிமெண்ட் வைத்து ஒட்டுகிறோம். அப்போது கேப்பின் விளிம்பும் பல்லும் சேரும் ஒரு மூட்டு உண்டாகிறது. பெரும்பாலும் அது ஈறின் ஓரத்தை ஒட்டியோ, ஈறுக்குச் சற்று உள்ளேயோ இருக்கும். ஜன்னல் சட்டமும் சுவரும் சேரும் இடத்தைப் பாருங்கள். எவ்வளவு நன்றாகப் பூசினாலும் தூசி முதலில் அங்கேதான் சேரும், எறும்பு அங்கேதான் வழி தேடும். கேப்பும் அப்படித்தான்.

120 மைக்ரான் வரையிலான இடைவெளியை ஏற்கலாம் என்பது பல் மருத்துவத்தில் நெடுநாளாக இருந்து வரும் அளவு. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். நமக்கு அது ஒன்றுமே இல்லை. ஒரு மைக்ரான் அளவே உள்ள பாக்டீரியாவுக்கு அது பெரிய வாசல். அங்கே பாக்டீரியா சேர்ந்து ஒட்டும் படலமாகப் படிந்தால் ஈறு வீங்கும், வீங்கிய ஈறு தொட்டாலே ரத்தம் விடும்.

கேப் போட்டு மூன்று நாள்தான் ஆகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். அளவு எடுக்கும்போது ஈறை விலக்க ஒரு நூலை உள்ளே செருகுவார்கள். பல்லை ராவும்போதும் ஈறில் சிராய்ப்பு படும். தற்காலிக கேப் போட்டிருந்தால் அதன் ஓரம் கரடுமுரடாக இருந்து உறுத்தியிருக்கலாம். இதெல்லாம் ஒரு வாரத்தில் தானாக ஆறும். இரண்டு வாரம் தாண்டியும் அதே இடத்தில் ரத்தம் வந்தால், இனி அது ஆறும் புண் இல்லை, வேறு காரணம் இருக்கிறது என்று அர்த்தம். போய்க் காட்டுங்கள்.

ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் போடலாமா? தேய்த்தால் இன்னும் புண்ணாகாதா?

இந்தக் கேள்வி ஒன்றுக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று சொல்லலாம். "அங்க பிரஷ் பட்டா ரத்தம் வருது டாக்டர், அதான் ஆறட்டும்னு அந்தப் பக்கம் தேய்க்கறதையே விட்டுட்டேன்." வாரத்துக்கு ஒருவராவது இப்படிச் சொல்வார்கள். கையில் வெட்டுப்பட்டால் தொடாமல் விடுகிறோம், அது ஆறுகிறது. அதே நினைப்புதான். ஈறு அப்படி ஆறாது. கையில் உள்ள புண்ணின் மேல் யாரும் வேளாவேளைக்கு அழுக்கைப் பூசுவதில்லை. வாயில் அது தானாகவே நடக்கிறது.

1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் விளக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடியும் விளக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, ஊசி இல்லை. இன்றைக்கும் ஈறு சிகிச்சை இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது.

ஆகவே, ரத்தம் வருகிற இடத்தைத்தான் கூடுதலாகச் சுத்தம் செய்ய வேண்டும். அழுத்தமாக இல்லை, மெதுவாக. 'சாஃப்ட்' என்று போட்ட பிரஷ் வாங்குங்கள். பிரஷ்ஷை ஈறும் கேப்பும் சேரும் கோட்டில் சாய்வாக, ஏறக்குறைய 45 டிகிரியில் வையுங்கள். முடியின் நுனி ஈறுக்குள் லேசாக நுழைகிற மாதிரி இருக்க வேண்டும். அங்கேயே பத்துப் பதினைந்து தடவை சின்னதாக அசைத்து, பிறகு கேப்பின் கடிக்கும் பக்கம் நோக்கி வழித்துவிடுங்கள். நாக்குப் பக்கத்தையும் மறக்காதீர்கள். முதல் நான்கைந்து நாள் ரத்தம் வரும், துப்பும்போது பேசின் சிவப்பாக இருக்கும். பயந்து நிறுத்தாதீர்கள். படலம்தான் காரணம் என்றால், ஒரு வாரம் பத்து நாளில் குறைவது உங்களுக்கே தெரியும். குறையவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான், அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

எல்லாப் பல்லும் நன்றாக இருக்கிறது. கேப் போட்ட ஒரே ஒரு பல்லில் மட்டும் ஏன்?

அப்படியானால் சந்தேகம் உங்கள் பழக்கத்தின் மேல் இல்லை, அந்தக் கேப்பின் மேல்தான். நான்கு விஷயங்களைத் தேட வேண்டும்.

முதலாவது, மிச்ச சிமெண்ட். ஒட்டும்போது ஓரத்தில் பிதுங்கி வரும் சிமெண்டை வழித்து எடுத்துவிடுவார்கள். ஈறுக்கு அடியில் ஒரு துணுக்கு தங்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு அம்மா எட்டு மாதமாகக் கீழ்க் கடைவாயில் ரத்தம் என்று வந்தார். இரண்டு பற்பசை மாற்றியிருந்தார், மூன்று மவுத்வாஷ் வாங்கியிருந்தார். ஈறு பளபளவென்று கத்தரிப்பூ நிறத்தில் உப்பியிருந்தது. மெல்லிய கருவியை ஈறுக்குள் விட்டு வருடினால், வழவழவென்று போய்க்கொண்டிருந்த நுனி ஓரிடத்தில் 'டக்' என்று தட்டியது. எடுத்து பஞ்சில் வைத்துக் காட்டினேன், ரவைப் பருமன் கூட இல்லை. பத்து நாள் கழித்து வந்தபோது ஈறு வெளிர் ரோஜா நிறத்துக்குத் திரும்பியிருந்தது. எட்டு மாதம் அவரைப் படுத்தியது அந்தத் துணுக்குதான்.

இரண்டாவது, பக்கத்துப் பல்லோடு கேப் சரியாக ஒட்டாமல் சந்து விட்டிருப்பது. மட்டன் நார், கீரை, கொய்யா விதை எல்லாம் ஒவ்வொரு வேளையும் அங்கேயே போய் மாட்டும். சாப்பிட்டு எழுந்ததும் நாக்கு தானாக அந்த இடத்துக்குப் போகிறதா? அதுதான் அடையாளம். பல் குத்தும் குச்சியோ ஊக்கோ வைத்துக் குத்திக் குத்தி ஈறை இன்னும் கிழித்துக்கொள்வார்கள். தயவுசெய்து ஊக்கை வாய்க்குள் விடாதீர்கள்.

மூன்றாவது, விளிம்பு பொருந்தாமல் படி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை அந்த இடுக்கில் விட்டு மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சிக்கிப் பிரி பிரியாக வருகிறது என்றால் அங்கே ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நூலை முகர்ந்தும் பாருங்கள். கெட்ட வாடை அடித்தால் அங்கே நாள்பட்ட அழுக்கு தேங்கியிருக்கிறது.

நான்காவது, கேப் உண்மையான பல்லைவிடப் பருமனாக இருப்பது. ஈறுக்கு மேல் குடை விரித்த மாதிரி அது தொங்கினால் பிரஷ் முடி ஓரத்துக்குப் போகவே போகாது. நீங்கள் எவ்வளவு ஒழுங்காகத் தேய்த்தாலும் பலன் இருக்காது.

நன்றாகத் தேய்க்கிறேன், க்ளீனிங்கும் செய்தாயிற்று. மாதக்கணக்கில் நிற்கவே மாட்டேன் என்கிறதே?

கேப்பின் ஓரம் அளவுக்கு மீறி ஆழத்தில் போயிருக்கலாம். ஈறின் உட்பகுதி பல்லோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டை இருக்கிறது. எலும்புக்கு மேலே சராசரியாக 2 மில்லிமீட்டர் உயரம். அந்த இடம் ஈறுக்கே சொந்தம், அதில் யார் வந்து உட்கார்ந்தாலும் உடம்பு சும்மா விடாது. பல் ஈறுக்குக் கீழே வரை சொத்தையாகியிருந்தாலோ உடைந்திருந்தாலோ, வேறு வழியில்லாமல் கேப்பின் ஓரத்தை அந்த அளவுக்கு இறக்கிவிடுவதுண்டு. அப்போது ஈறு ஓயாமல் சிவந்து கிடக்கும், அல்லது எலும்போடு சேர்ந்து பின்வாங்கிப் போகும்.

இதை மவுத்வாஷ் சரிசெய்யாது. ஈறையும், தேவைப்பட்டால் சிறிது எலும்பையும் குறைத்து, கேப் ஓரத்துக்கும் எலும்புக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் அளவுக்கு இடம் உண்டாக்கும் சின்ன அறுவை சிகிச்சை இருக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு, நாற்காலியிலேயே செய்வது. அதை ஈறு நிபுணரிடம் கேளுங்கள்.

ரூட் கெனால் செய்து நரம்பையே எடுத்துவிட்டார்கள். வலியும் இல்லை. அப்புறம் ஏன் ரத்தம்?

எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பை. ஈறுக்கும் எலும்புக்கும் ரத்த ஓட்டமும் நரம்பும் அப்படியேதான் இருக்கின்றன.

வலி இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரூட் கெனால் செய்த பல்லில் கேப்புக்கு அடியில் புதிதாகச் சொத்தை பிடித்தாலும் கூச்சமோ வலியோ தெரியாது. சொல்ல நரம்பு இல்லையே. பலருக்கு ஈறில் வரும் ரத்தம்தான் முதல் அறிகுறி, சிலருக்குக் கேப் பல்லோடு சேர்ந்து கையில் வரும்போதுதான் தெரிகிறது. இன்னொன்று, வேரில் விழும் நெடுக்கு விரிசல். அப்போது பல்லைச் சுற்றி மற்ற இடமெல்லாம் சரியாக இருக்கும், ஓர் இடத்தில் மட்டும் குறுகலாக, ஆழமாகக் குழி இருக்கும். ஈறில் சின்னக் கொப்புளம் தோன்றி, சீழ் வடிந்து, அடங்கி, மறுபடியும் வரும். அப்படி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கேப் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிகிறது. அதனால்தான் ரத்தமா?

உள்ளே உலோகமும் மேலே பீங்கானும் உள்ள கேப் என்றால், ஈறு சற்று இறங்கியதும் உலோக விளிம்பு கறுப்பாகத் தெரியும். அது பார்வைக்குத்தான் குறை, நோய் இல்லை. ஆனால் கோடு பழுப்பாக, தொட்டால் மெத்தென்று இருந்தால் சொத்தையாக இருக்கலாம். எது என்று கண்ணாடியில் பார்த்து முடிவு செய்ய முடியாது, காட்டிவிடுங்கள்.

உலோகம் ஒத்துக்கொள்ளவில்லையா? ஜிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் கேப்புக்கு மாற்றிவிடட்டுமா?

நிக்கல் கலந்த உலோகத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர், வாட்ச் பின்பக்கம் பட்ட இடத்தில் அரிப்பு வருகிறவர் என்றால், கேப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆனால் கேப்பைச் சுற்றி வரும் ரத்தத்துக்கு ஒவ்வாமை காரணமாக இருப்பது அபூர்வம். படலமும் பொருந்தாத விளிம்பும்தான் பெரும்பாலும் காரணம். அதைச் சரிபார்க்காமல் விலை அதிகமான கேப்புக்கு மாறினால், புதுக் கேப்பைச் சுற்றியும் அதே ரத்தம் வரும்.

சர்க்கரை இருக்கிறது. பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறேன். தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு சீக்கிரம் புண்ணாகும், மெதுவாக ஆறும். ஈறில் புண் நீடித்தால் சர்க்கரையும் சொன்னபடி கேட்காது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். அதனால் பல் மருத்துவரிடம் போகும்போது கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள்.

பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின் போன்றவை சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். தடித்த ஈறு கேப் ஓரத்தின் மேல் ஏறிக்கொண்டு சுத்தம் செய்ய விடாது. இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குச் சின்ன வீக்கத்திலேயே ரத்தம் கூடுதலாக வரும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஈறில் வரும் ரத்தத்துக்குப் பயந்து இதய மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். சீட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள், இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவு செய்யட்டும்.

மாசமாக இருக்கிறேன். இப்போது பல்லைக் காட்டலாமா?

தாராளமாகக் காட்டலாம். கர்ப்பகால ஹார்மோன் மாற்றத்தால், கொஞ்சம் படலம் இருந்தாலே ஈறு அதிகமாக வீங்கும். க்ளீனிங் செய்துகொள்ளலாம், நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை உட்காரவும் படுக்கவும் வசதியான காலம். "குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். அதுவரை ஈறு காத்திருக்காது, பிறந்த பிறகு உங்களுக்கு நேரமும் இருக்காது.

மருத்துவர் என்ன செய்வார்?

முதலில் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கருவியால் பல்லைச் சுற்றி ஆறு இடத்தில் ஈறின் ஆழத்தை அளப்பார். 1 முதல் 3 வரை என்றால் நல்லது. 4, அதற்கு மேல் என்றால் ஈறு பல்லை விட்டு விலகத் தொடங்கியிருக்கலாம். பிறகு எக்ஸ்ரே. விளிம்பு, மிச்ச சிமெண்ட், சொத்தை, எலும்பின் உயரம் எல்லாம் அதில் ஓரளவு தெரியும். கேப்பின் கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் இருப்பவை எக்ஸ்ரேயில் மறைந்துவிடும், அதனால் கருவியால் தொட்டுப் பார்ப்பதை எக்ஸ்ரே ஈடுகட்டாது. அளக்காமலே "மவுத்வாஷ் போடுங்க" என்று அனுப்பினால், "ஒருமுறை ஆழம் அளந்து பார்க்கிறீங்களா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

க்ளீனிங் செய்தால் பல் ஆடும், கேப் கழன்றுவிடும் என்கிறார்களே?

நன்றாக ஒட்டிய கேப் க்ளீனிங்கில் கழலாது. பல் ஆடுவது போலத் தோன்றுவது, படலம் இறுகிக் கல்லான பற்காரை ஒரு கட்டு மாதிரி பிடித்துக்கொண்டிருந்து, அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிவதால். காரை பல்லைக் காப்பாற்றவில்லை, அதுதான் எலும்பைக் கரைத்துக்கொண்டிருந்தது.

உப்புத் தண்ணீர், நல்லெண்ணெய், வேப்பங்குச்சி இதெல்லாம் உதவுமா?

வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கொப்பளிப்பது இதமாக இருக்கும், வீக்கம் சற்று வடியும். நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் தீங்கில்லை, ஆனால் பிரஷ் செய்யும் வேலையை அது செய்யாது. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பது நம் பாட்டன்மார் சொன்னது, அதை மதிக்கிறேன். அவர்கள் வாயில் கேப் இல்லை. குச்சியின் முரட்டு நார் கேப் ஓரத்துச் சந்துக்குள் போகாது, ஈறைத்தான் கீறும். உப்பைப் பொடியாக விரலில் எடுத்துத் தேய்ப்பது, அடுப்புக்கரி, செங்கல் பொடி மூன்றும் வேண்டவே வேண்டாம். கிராம்புத் தைலத்தை ஈறில் நேராக வைத்தால் எரிந்து புண்ணாகும்.

கூடுதலாக ஒன்று வாங்குவதானால் இடுக்குக்கான சின்ன பிரஷ்ஷை வாங்குங்கள். பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி மாதிரி இருக்கும். உங்கள் சந்துக்கு எந்த அளவு என்று மருத்துவரிடமே கேட்டு வாங்குவது நல்லது. தற்காலிக கேப் இருக்கும்போது மட்டும், ஃப்ளாஸ் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள். இல்லாவிட்டால் கேப் கையோடு வந்துவிடும்.

மவுத்வாஷ் எத்தனை நாள் போடலாம்?

0.2 சதவீத குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிக்கொல்லி மருந்து உள்ள மவுத்வாஷ் என்றால், மருத்துவர் சொன்னபடி காலை மாலை 10 மில்லி, இரண்டு வாரம் வரை. அதற்கு மேல் நீங்களாக நீட்டினால் பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை ஏறும், சாப்பாட்டின் ருசியே மாறும். பல் விளக்கியதும் உடனே போடாமல் அரை மணி நேரம் விடுங்கள், பற்பசையில் உள்ள நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும்.

விட்டமின் சி மாத்திரை சாப்பிட்டால் நின்றுவிடுமா?

உண்மையிலேயே அந்தச் சத்து குறைந்திருந்தால்தான். அப்படிக் குறைந்தால் வாய் முழுவதும் ஈறு வீங்கும், கேப் போட்ட ஒரு பல்லில் மட்டும் வராது. நெல்லிக்காயும் கொய்யாவும் நன்றாகச் சாப்பிடுங்கள், ஆனால் கேப்புக்கு அடியில் உள்ள சிமெண்டை நெல்லிக்காய் எடுக்காது.

சிகரெட் பிடிக்கிற எனக்கு ரத்தமே வருவதில்லை. நல்ல ஈறுதானே?

இல்லை. புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தை மட்டுப்படுத்தி, எச்சரிக்கை மணியை அணைத்துவிடுகிறது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருக்கலாம். புகையை விட்ட சில வாரங்களில் சிலருக்கு ரத்தம் கூடுவதுண்டு. அது கெடுதலுக்கு அல்ல, ஈறு பழைய நிலைக்குத் திரும்புகிறது.

எப்போது உடனே ஓட வேண்டும்?

முகமோ தாடையோ வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ சிரமம் என்றால் அன்றைக்கே, இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுத்தமான பஞ்சு வைத்து இருபது முப்பது நிமிடம் அழுத்திக் கடித்தும் நிற்காத ரத்தத்துக்கும் அப்படித்தான். எல்லாப் பல்லிலும் ரத்தம், உடம்பில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள், அசதி என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை. மழைக்காலக் காய்ச்சலோடு ஈறில் ரத்தம் வந்தால் டெங்குவாக இருக்கலாம், அப்போது பல் கிளினிக் வேண்டாம், நேரே பொது மருத்துவமனை.

கேப்பை மாற்றித்தான் ஆக வேண்டுமா? செலவு தாங்காதே?

பல சமயம் வேண்டியதில்லை. படலம், காரை, மிச்ச சிமெண்ட் என்றால் ஒன்றிரண்டு முறை சுத்தம் செய்தால் போதும். சிறிய நீட்டலைத் தேய்த்து வழவழப்பாக்கலாம். விளிம்பு திறந்திருந்தால், சந்து பெரிதாக இருந்தால், அடியில் சொத்தை இருந்தால் மாற்றத்தான் வேண்டும். இப்போது மாற்றினால் ஒரு கேப்போடு போகும். விட்டால் பல்லையே எடுத்து, பிறகு பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜோ, எலும்பில் திருகிப் பொருத்தும் இம்பிளாண்ட்டோ வைக்க வேண்டி வரும். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் நடந்து வருகிறது. ஈறுக்கென்றும் கேப்புக்கென்றும் அங்கே தனித்தனிப் பிரிவுகள் உண்டு. காத்திருக்க வேண்டும், காலையிலேயே போய்விடுங்கள்.

புதிதாகக் கேப் போடப் போகிறேன். நான் என்ன கவனிக்க வேண்டும்?

ஈறில் ஏற்கெனவே ரத்தம் இருந்தால் அதை ஆற்றிவிட்டு அளவு கொடுங்கள். ரத்தம் கசியும் ஈறோடு எடுத்த அளவில் விளிம்பு தெளிவாக விழாது, அந்தக் குறை கேப் இருக்கும் வரை கூடவே இருக்கும். ஒட்டுவதற்கு முன் கேப்பை மாட்டிப் பார்க்கும்போது கண்ணாடி வாங்கிப் பாருங்கள். பக்கத்துப் பல்லைவிடப் பருமனாகத் தெரிந்தால் அப்போதே சொல்லுங்கள், ஒட்டிய பிறகு சொல்லிப் பயன் குறைவு. ஒட்டி முடித்ததும், நாற்காலியை விட்டு எழும்முன், இரண்டு பக்க இடுக்கிலும் ஃப்ளாஸ் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். நூல் கொஞ்சம் இறுக்கமாக உள்ளே போய், சிக்காமல், பிரியாமல் வெளியே வர வேண்டும்.